சலித்த மணல்

காரைக் கழுவுவதற்கு வெள்ளிக்கிழமைக் காலையே உகந்தது என்பது என் தாழ்மையான கருத்து. அன்று ஷார்ஜாவில் எங்கள் முவைலாப் பகுதியின் தெருக்கள் ஓய்ந்திருக்கும். வாளியோடு நிற்பவனை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இராஜரத்தினம் அண்ணனின் ஜீப்பை நான் கழுவியதும் ஒரு வெள்ளிக்கிழமையில்தான். ஒரே ஒரு முறை கழுவினேன். அதைத் தங்களிடம் விளக்கிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பெரம்பலூர் அன்பரசன். ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள். அவருடைய ஜீப் எண்பதுகளில் ஜப்பானில் பிறந்தது. சதுர முகம், வட்ட விளக்குகள், மணல்மேட்டில் ஏறுவதற்கென்றே வார்த்த உடம்பு. வழிப்போக்கர்கள் நின்று படம் எடுப்பார்கள். என்னுடையது சிக்கனமான சிறிய கார். அதை யாரும் படம் எடுத்ததில்லை. ஆயினும் தாங்களே யோசித்துப் பாருங்கள். பாலைவனத்தை வென்ற பெருமை ஜீப்புக்கு என்றால், நம்மவர்களை டியூட்டிக்கும் ஏர்போர்ட்டுக்கும் கொண்டு சேர்த்த பெருமை யாருக்கு? எங்கள் கட்டடத்துக் குழந்தைகளில் பாதிப் பேரின் தாய்மார்கள் என் பின் இருக்கையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அண்ணன் இதை ஏற்கவில்லை. "தம்பி, உது காரோ, சோப்புப் பெட்டியோ?" என்பார். வாசலில் இருந்த ஒரே மரநிழல் ஜீப்புக்கு. வெயில் என் காருக்கு. ஒருநாள் என் காரின் பின்கண்ணாடித் தூசியில், 'என்னைக் குளிப்பாட்டுங்கோ' என்று விரலால் எழுதிவிட்டார். கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மரியாதையாக இராது.

பிறகு முழங்கால் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் ஊருக்குப் புறப்பட்டார். சாவியை என் கையில் வைத்தார்.

"கிழமைக்கொருக்காக் கழுவி, ஸ்டார்ட் பண்ணி விடும். ஒரு போட்டோவும் போடும். எனக்கு அது பிள்ளை மாதிரி."

"கவலைப்படாம போயிட்டு வாங்கண்ணே. இந்த ஊர் நம்பரை மட்டும் ஆஃப் பண்ணி வச்சிருங்க. ரோமிங் பில்லு தாளிச்சிரும்."

நல்லெண்ணத்தில் சொன்ன ஆலோசனை. நகராட்சியின் குறுஞ்செய்திகள் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

முதல் வெள்ளிக்கிழமை ஜீப்பைப் பளபளவென்று கழுவினேன். காலை, மதியம், மாலை என வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு கோணத்தில் படங்கள் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் பானெட்டின்மேல் ஒரு பூனை தானாகவே வந்து அமர்ந்தது. பின்னர் வாரம் ஒரு படமாக அனுப்பினேன். அண்ணன் பதிலுக்கு இதயம் அனுப்புவார்.

இங்கே தூசி படிந்து, கைவிட்டதுபோல் நிற்கும் வண்டியில் நகராட்சிக்காரர்கள் எச்சரிக்கை ஒட்டுவார்கள். யாரும் கவனிக்காவிட்டால் இழுத்துச் செல்வார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் மரநிழலில் தூசி மிக மெதுவாகப் படிகிறது. ஆகவே நான் சற்று உதவினேன். பக்கத்துத் திடலில் மணல் அள்ளி, மைதா சலிக்கும் சல்லடையில் சலித்தேன். பெயிண்டில் கீறல் விழக்கூடாதல்லவா. தெருவில் ஆளில்லாத உச்சி வெயிலில், ஜீப்பின்மேல் தண்ணீர் தெளித்து, கோலமாவு போலத் தூவினேன். டயர்களில் காற்றையும் இறக்கிவிட்டேன்.

கட்டடக் காவலாளி ஷம்சாத் மட்டும் பார்த்தான். "ஆட்டா ஹை க்யா, பாய்?" என்றான், கோதுமை மாவு என்று எண்ணிவிட்டான், பாவம். செடிக்கு மண் என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கள் கட்டடத்தில் செடி கிடையாது.

எச்சரிக்கை ஒட்டினார்கள். இழுத்துச் சென்றார்கள். ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்காரர், ஷார்ஜா தொழிற்பேட்டையில் அதைக் கழற்றி விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மரநிழலில் என் கார் நின்றது.

அண்ணன் திரும்பிய நாளில் நானே ஏர்போர்ட்டுக்குப் போனேன். சோப்புப் பெட்டியின் முன் இருக்கையில், காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"டொக்டர் கிளச்சு மிதிக்கக் கூடாதெண்டிட்டார் தம்பி. ஜீப்பை உம்மட பேருக்கு மாத்தி விடுறன். கிழமை தவறாமப் போட்டோ போட்டீர். பெத்த பிள்ளை கூட இப்பிடிப் பாராது."

நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டு, கியரை மாற்றினேன்.

வாசலில் இறங்கியவர் வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப்பை நகராட்சி இழுத்துச் சென்றுவிட்டது, கழுவும் பொறுப்பை ஷம்சாத்திடம் விட்டிருந்தேன், அவன் அனுப்பிய படங்களைத்தான் உங்களுக்கு அனுப்பினேன் என்றேன். ஷம்சாத் பதறிப்போய், நான் மண்ணைச் சலித்துத் தூவியதை அப்படியே சொன்னான். கைகளால் சலித்தும் காட்டினான்.

"மண்ணைச் சலிச்சுத் தூவினவராம். உந்தக் கதையை ஆர் நம்புவான்?" என்றார் அண்ணன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அன்று மாலையே ஷம்சாத்தை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

நிதானமாக எண்ணிப் பார்த்தால், அந்த ஜீப் எனக்கென்றே ஆகவிருந்தது. நான் கெடுத்தது என் சொந்த வண்டியை. தன் பொருளைக் கெடுத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. எனவே அண்ணனுக்கு நான் தீங்கு ஏதும் செய்யவில்லை என்பது தங்களுக்கே விளங்கும்.

ஷம்சாத் இப்போது இரண்டு தெரு தள்ளி கார் கழுவுகிறான். என் காரையும் அவனிடமே விடுகிறேன். தெரிந்தவனுக்கு உதவ வேண்டாமா. சென்ற வெள்ளிக்கிழமை ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தேன். பிரிக்காமல் பானெட்டின்மேல் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். பசியில்லை போலும்.