ஒன்பது மணி நேரத் தூக்கம்

பொருளாதாரத் துறையிலிருந்து மேலாண்மைத் துறைக்கு நடந்து போகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மூன்று வருடமாக அந்த வழியில் தினமும் நான்கு முறை நடந்தேன். கால் வலியைச் சொல்லவில்லை, ஐயா. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் நாற்காலி கிடையாது. பொருளாதாரத்துக்குப் போனால் “கடைக்காரங்க வந்துட்டாங்க” என்பார்கள். மேலாண்மைக்கு வந்தால் “கிராஃப்ல கோடு போடுறவங்க” என்பார்கள். துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் இல்லை. ஒரே நாளில் காலையில் அங்கே பரீட்சை, மதியம் இங்கே பரீட்சை.

கடைசி வருடம் வரை தாக்குப்பிடித்தது இரண்டே பேர். நானும் என் அறைத்தோழனும். தூங்குமூஞ்சி என்று அவனுக்கு நான்தான் பெயர் வைத்தேன். வலிப்புக்கு மாத்திரை போடுவான். போட்டால் ஒன்பது மணி நேரம் அசைய மாட்டான். அப்படித் தூங்கியும் அவன்தான் முதலிடம். முதலிடத்துக்கு மட்டுமே மேல்படிப்பில் இடம். இரண்டு பேர் இருக்கும் வகுப்பில் இரண்டாமவன் கடைசி ஆள். எனக்குப் பொறாமை இல்லை. களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

ஒன்றை எடுத்துக்கொள்ள எதை விடுகிறோமோ அதுதான் அதன் விலை என்று முதல் வருடமே சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சைகள் தொடங்கும் முன் அவனுக்கு ஒரு வரைபடம் போட்டேன். ஐந்து மணி நேரத் தூக்கம் போதும் என்றால், ஒரு மாத்திரையின் விலை நான்கு மணி நேரம், நாற்பது பக்கம். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவன் வரைபடக் கோடுகளை நம்புகிறவன்.

“ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருடா.”

“அவர் எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொல்வாரு. பரீட்சை எழுதப்போறது அவரா, நீயா?”

“சரி, உன் படத்துல ஃபிட்ஸ் எங்கடா இருக்கு?”

நல்ல கேள்வி. “அளக்க முடியாததை எப்படிடா வரையறது?” என்றேன்.

“நீ பேராசிரியர் ஆயிடுவ மாப்ள,” என்று சிரித்தான்.

ஐந்து நாள் மாத்திரை இல்லை. ஆறாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை உதறியது. “பயமா இருக்குடா, ஒண்ணு போட்டுக்கறேன்,” என்று அட்டையைத் தேடினான். அது என் பையில் இருந்தது. “மதியத்தோட முடியுது, பல்லைக் கடிச்சுக்க,” என்று சொல்லி நானே பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.

காலைப் பரீட்சை முடிந்ததும் மேலாண்மைக் கட்டடத்தின் பின்படிகள் வழியாக ஏறினோம். அது குறுக்கு வழி. எங்கள் இருவரைத் தவிர யாரும் வர மாட்டார்கள். கடைசிப் படியில் அவனுக்கு வலிப்பு வந்தது. பின்னால் சாய்ந்து, என்னைக் கடந்து, கீழே வரை உருண்டான். அவன் முனகுவது கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம் இருந்தது. உள்ளே போய் மூன்று மணி நேரம் எழுதினேன். கூடுதல் தாளும் வாங்கினேன். வெளியே வந்தபோது துணி போட்டு மூடியிருந்தார்கள்.

“கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தியே தம்பி,” என்று அவன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை. மாத்திரையை விட்டது அவன் எடுத்த முடிவு. நான் தகவல்தான் கொடுத்தேன். படியில் நான் அவனைத் தொடவே இல்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.