அரை நிமிஷக் கெடு

— அதெல்லாம் வேணாம்மா. எம்புள்ள அர்ஜுன் செத்துட்டான்னு ஒரு பேப்பர் எழ்திக் குடு. நான் கத்திவாக்கம் போவணும்.

— இருங்க தாமோதரன் ஐயா. புயல்ல உசுரோட கரை ஒதுங்குனவங்க பேரு தெனமும் ஏறிக்கினே இருக்கு. இன்னொரு வாட்டி தேடிட்டுதான் எழுதணும்.

— போன வாரம் இதே ஜன்னல்ல இல்லைன்னுட்டாங்க. இன்னிக்கி மட்டும் எய்ந்து வந்துருவானா? டபாய்க்காத.

— அன்னிக்கி இன்னா பேரு குடுத்தீங்க?

— வஞ்சிரம் அர்ஜுன். எங்க குப்பத்துல தெருவுக்கு ஒரு அர்ஜுன் கீறான். வஞ்சிரம்னாதான் எம்புள்ள.

— பட்டப்பேரா? லிஸ்ட்ல அதுக்குத் தனியா எடமே இல்லியே. எந்தக் கரையில எப்டி எழுதினாங்களோ, அத்தனையும் ஒண்ணொண்ணா பாக்கணும்... தோ, இல்லைன்னு வருது.

— அக்காங். எழ்து.

— இருங்க ஐயா... இது முழுசா தேடல. பாதியிலயே விட்டுடுச்சு.

— இன்னாது, பொட்டி பூட்ச்சா?

— இல்ல. புரோகிராம் எழுதினது நான்தான். ஒருத்தர் பேரையே தேடிக்கினு இருந்தா ஆஸ்பத்திரி, ஆர்பர், எல்லா எடத்துலயும் மிஷின் நின்னுபோவுது. அரை நிமிஷம் தாண்டினா விட்டுடுன்னு கெடு வெச்சேன்.

— வுட்டா வுட்டேன்னு சொல்றது. இல்லைன்னு எதுக்கு சொல்லுது?

— ரெண்டுக்கும் ஒரே பதில் வெச்சுட்டேன் ஐயா. அவசரத்துல செஞ்சது. யோசிக்கல.

— வலைய எறக்கின கையோட இஸ்துட்டு, கடல்ல மீனே இல்லைன்னு நான் சொன்னா நீ ஒத்துக்குவியா?

— கெடுவை எடுத்துட்டேன். இப்ப கடைசி வரைக்கும் தேடும்.

— வந்துச்சா?

— தேடுது ஐயா. இன்னும் தேடுது.

— இன்னா வெளிய கூச்சலு?

— மத்த ஜன்னல் எல்லாம் நின்னுடுச்சு. அவங்களும் ஆளைத் தேடி வந்தவங்கதான... ஆஸ்பத்திரிலேர்ந்து வேற போன் மேல போன். நிறுத்துன்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?

— நிறுத்தாத.

— இவ்ளோ நேரமாவும் வரலியே. ஒருவேளை நெஜமாவே...

— வாய மூடு. நான் ஒர்த்தனையும் நம்பாதவன்மா. போலீச நம்பல, கவுன்சிலர நம்பல. மருமவ நீலா, அவரு வருவாரு வருவாருன்னு தாலிய இறுக்கிப் புட்ச்சிகினு கெடந்தா. போன வாரம் கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லிட்ச்சுன்னு, நேத்து நான்தான் அவ கைய வெலக்கி அறுக்க வெச்சேன்.