உறவில் ஒரு பட்டதாரி

மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் பனிச்சங்கேணியில் ஏறிய தாயும் மகளும் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கான உதவித்தொகைப் படிவத்தைக் கையில் வைத்திருந்தாள்.

“நம்மட குடும்பத்தில ஒருத்தரும் கம்பஸ் போகல்லையென்டு, சொந்தக்காரப் பட்டதாரி ஒராள் கையெழுத்து வைக்கணுமாம் அம்மா.”

“அப்பிடி ஒராள் நமக்கு இருந்தா இந்தப் படிவம் எதுக்கு மகள்?”

“நானும் கேட்டன். சட்டம் அதுதானாம்.”

தாய் பைக்குள்ளிருந்து பேனையை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“உன்ட கணக்கு ரீச்சரை மாமி என்டு எழுது. நான் அவவோட கதைக்கிறன்.”

“ஓம். தங்கச்சிக்கென்டா நானே கையெழுத்து வைப்பன்.”

“அவளுக்கு ஆர் இந்தப் படிவம் தாற? அக்கா கம்பஸ் போனவ எல்லோ?” என்ற தாய், பஸ் ஏறியதிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தார்.