மாமா பார்த்த பெல்ட்

டீ நன்றாக இருந்தது, ஐயா. அடுத்த முறை சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் சிங்காரம். கிள்ளை ரோட்டில் இருக்கும் ரைஸ் மில்லில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதிலிருந்து ஆறு வருஷமாக, மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், அரவை மிஷினைச் சுழற்றும் பெரிய துணி பெல்ட்டைப் பார்ப்பது என் வேலை. சக்கரத்தைக் கையால் உருட்டி, பெல்ட் முழுவதையும் விரலால் தடவுவேன். ஓரம் பிரிந்திருக்கிறதா, வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நான் "ஓட்டலாம்" என்றால்தான் மில் ஓடும்.

அரவை மிஷினில் நின்றவன் என் மனைவி பொன்னியின் தம்பி சின்னையன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் நிற்கும் இடத்துக்கும் பெல்ட்டுக்கும் ஒரு முழம்தான்.

தை மாதம் பெல்ட்டில் ஒரு வெடிப்பைக் கண்டேன். நகம் நுழையும் அளவு. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சின்னையன் எல்லோரிடமும் சொன்னான்: "மாமா பாத்துட்டாருல்ல, அப்பறம் என்னா பயம்?"

அவன் உயிர் என் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று நினைத்ததும் எனக்குள் ஜிவ்வென்று ஏறியது. சிதம்பரம் திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போய் இறங்கும்போது வயிறு கூசுமே, அந்த மாதிரி. "ஓட்டலாம்" என்றேன்.

மறுநாள் வெடிப்பு ஒரு விரல் நீளம். அன்றும் ஓட்டலாம் என்றேன். அவன் போய் நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படியே ஒன்பது நாள். கல்யாணமான புதிதில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சைக்கிளில் பாடிக்கொண்டே போவேன். பொன்னிக்குப் பூ வாங்கிப் போனேன். "என்னா, குஷி ஜாஸ்தியா இருக்குது?" என்றாள்.

பத்தாம் நாள் வெடிப்பு பாதி அகலத்தைத் தாண்டிவிட்டது. சின்னையன் கண்ணிலேயே பட்டுவிட்டது.

"மாமா, கிழிஞ்சாப்ல இருக்குதே."

"மேல்துணிதாண்டா. தைரியமா நில்லு."

அவன் போய் நெல்லைக் கொட்ட ஆரம்பித்தான். நான் சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அறுந்தபோது சத்தம் பெரிதாக இல்லை. முனை அவன் கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை இருக்கவில்லை.

அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அறுந்துவிடும் என்று தெரிந்தேதான் நிற்கச் சொன்னேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மில்லில் புது பெல்ட் மாட்டிவிட்டார்களாமே, அதை இப்போது யார் பார்க்கிறார்கள்? பொறுப்பில்லாதவன் கையில் விட்டால் யாருக்காவது அடிபட்டுவிடும், ஐயா.