பொட்டு வைக்காத தகடு

— சேர்மன் ஐயா, கீழ அவங்க சந்தகை சாப்புட்டு முடிக்கறதுக்குள்ள உண்மையச் சொல்லிப்போடுங்க.

— என்ன உண்மை அம்மணி? பம்பு கம்பெனிக்காரங்க நம்ம காலேஜு மாடிக்கு வந்தாங்க, வெயில்ல உங்க ரெண்டு சோலார் தகட்டையும் பாத்தாங்க, ஃபேன் சுத்துச்சு, கை தட்டுனாங்க. செஞ்சது நந்திதா அம்மணின்னு உங்க பேரையும் சொன்னேனே.

— சொன்னீங்க. கூடவே, சுத்தறது வெளிநாட்டுச் சரக்குப் போட்ட தகட்டுலன்னும் சொல்லிப்போட்டீங்க. அது செத்துக் கெடந்துதுங்க. சுத்துனது நான் கண்டுபுடிச்ச சரக்குல.

— அதெப்படிச் சாகும்? அது என்ன வெலைன்னு தெரியுமா?

— உங்க ஊட்டு அம்மா காலைல சாமி கும்புட்டுட்டு அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுட்டாங்க. ரெண்டுமே மூடி சீல் போடாத தகடுங்க, ஈரம் பட்டாப் போச்சு. சீல் போடற மெஷினு கேட்டு உங்ககிட்ட எத்தனை நடை நடந்தேன்.

— புது மெஷினைப் பொட்டு வெக்காம ஓட்டறதா? எங்க மில்லுல ஆயுதபூசைக்கு எலிப்பொறிக்கும் பொட்டு உண்டு. செரி, உங்க தகட்டுக்கு மட்டும் ஏன் வெக்கல?

— அதையேதானுங்க அம்மாகிட்டக் கேட்டேன். வெலை கம்மியானதுக்கு எதுக்குக் கண்ணு சந்தனம்னாங்க. பெரியவங்க மனசு சங்கடப்படும்னு, பொட்டு வெச்சதுல இன்னொண்ணு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கலீங்க.

— எங்க பங்காரம்மா கணக்குல கெட்டி.

— சிரிக்காதீங்க ஐயா. வெயில் பட்டா ஒரு சரக்கு எலக்ட்ரானைக் குடுக்கும், இன்னொண்ணு வாங்கிக்கும். அந்த வாங்கிக்கற சரக்குக்குத்தான் காசெல்லாம் போகுது.

— வாங்கிக்கறதுக்கே காசு கேக்குதா? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தோத்தாங்க போங்க.

— மூலக்கூறுல வளையத்தோட வளையத்தை ஒட்டிச் செய்யறதால அந்த வெலைங்க. ஒட்டற வேலையே இல்லாம நான் செஞ்சிருக்கேன். இப்ப வெளிநாட்டுச் சரக்குக்கு அவங்க கையெழுத்துப் போட்டுட்டா, என் லேப்பை நீட் கோச்சிங்குக்குக் குடுத்துருவீங்க.

— எதுல சுத்துதுன்னு அந்தக் கம்பெனி ஐயாசாமி கேட்டாரு. நம்மூருல கம்மி வெலைல செஞ்சதுன்னா மொகஞ்சுளிப்பாங்களேன்னு, கை தானா வெளிநாட்டுத் தகட்டுப் பக்கம் போயிருச்சு.

— அவங்க வந்ததே கம்மி வெலைச் சரக்குத் தேடித்தானுங்க.

— அப்படியா சங்கதி? இருங்க, போன் போடறேன். ஏனுங்க ஐயாசாமி, சுந்தரராஜுலு பேசறேன். தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. ஃபேன் சுத்துனது எங்க நந்திதா அம்மணி செஞ்ச சரக்குலதான். ஆமாங்க, இங்கயே. வெலையா? அள்ளிக் குடுக்கற மாதிரிங்க. வாங்க, வாங்க. கேட்டுக்குங்க அம்மணி, கை கழுவிட்டு மீட்டரோட மாடிக்கு வாராங்களாம். இன்னொருக்கா அளந்து பாத்துட்டு உங்களுக்கே ஆர்டராம்.

— எனக்கு அழுகையே வருதுங்க ஐயா. இருக்கறது அந்த ஒரே தகடு. அவங்களுக்கு முன்னால நான் ஓடறேன்.

— ஓடாதே கண்ணு, நான் மாடியிலிருந்துதான் வாரேன். என்னுதுக்கு ஏன் வெக்கலைன்னு நீ கேட்டதுலிருந்து இந்தப் பங்காரம்மாவுக்கு மனசே ஆறல. இப்பத்தான் சந்தனத்தை நல்லாத் தண்ணி உட்டுக் கொழைச்சு, உன் தகட்டுக்கு அதைவிடப் பெரிய பொட்டா வெச்சுப்போட்டு வாரேன்.