வைகாசி வரை பூட்டிய பதக்கம்

“நேவி தந்த மெடல அம்மாளுக்குச் சாத்திப்போட்டு, வெறும் நெஞ்சோட நேவிக் காம்புக்குப் போறீங்களே, மண்டைக்குள்ள என்னதான் கிடக்கு?”

பனிச்சங்கேணியில் பஸ் ஏறி என் முன் ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண் தன் கணவனைக் கேட்டது இது. அவர் மீனவர். வெள்ளத்தில் கடற்படையினரோடு தன் தோணியை ஓட்டிச் சனங்களை மீட்டதற்கு, சிவில் ஆட்களுக்குரிய பதக்கம் கிடைத்திருக்கிறது. இன்று கடற்படை முகாமில் அதை அணிந்து நிற்க வேண்டுமாம். அதுவோ போன சடங்கில் சாத்தியபடி கண்ணகி அம்மன் கோயிலுக்குள். எங்கள் பக்கம் அந்தக் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும்.

“பூசாரியிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டன். அடைச்சா அடைச்சதுதான் எண்டார்.”

“சாத்தக்குள்ள இந்த யோசனை வரல்லையா?”

“நேர்த்தி புள்ள. தோணி சுழியில மாட்டக்குள்ள, எல்லாரையும் கரை சேர்த்தாக் கிடைக்கிறது உனக்குத்தான் தாயே எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்ன கிடைக்குமெண்டு நினைச்சீங்க?”

“நிவாரண அரிசி.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்தாள்.

“மெடல வித்துத் திண்டுட்டான் எண்டு நினைக்கப் போறாங்க. மறுகா ஊருக்குள்ள எப்பிடித் தலை நிமிர்ந்து நடக்கிற?”

வாழைச்சேனையில் இறங்க எழுந்தபோது அவள் அவருடைய சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்தாள்.

“நேவிப் பெரியவர் கேட்டா நீங்க வாய் திறக்காதீங்க. தோணி ஓட்டினது இவர், கரை சேர்த்தது அம்மாள், மெடல் அவவிட்ட இருக்கு எண்டு நான் சொல்றன். நம்பாட்டி வைகாசியில வந்து பாக்கட்டும்.”