போலி மோட்டார் கேட்காத கேள்வி

பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது; அக்கறையாக விசாரிப்பேன், அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்று கோடையில் தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் சின்ன கம்பெனி, மொட்டைமாடித் தொட்டிக்குத் தானாகவே தண்ணீர் ஏற்றும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதற்கான கம்ப்யூட்டர் புரோகிராமை சி மொழியில் எழுதியவள் வேதா, வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண். சோதிப்பவள் நான். மோட்டாரை ஆபீசுக்குத் தூக்கி வர முடியுமா? அதை ஓட்டும் புரோகிராம் துண்டுக்குப் பதிலாக ஒரு போலி எழுதி வைப்பேன். எத்தனை நிமிஷம் ஓட வேண்டும் என்று வேதாவின் புரோகிராம் சொல்லும். போலி "ஓடியாச்சு" என்று பொய் சொல்லும். சொல்வதற்கு முன், வந்த எண் சரிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளும்.

வேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டேன். சரி, தினமும் கேட்டேன். அவள் முதலாளி கஸ்தூரிரங்கனிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"லோகநாயகி, எல்லாரையும் கேள்வி கேக்கறத நிறுத்துங்கம்மா."

"நிறுத்திடறேன் சார்."

அன்று சாயங்காலம் சோதனை தோற்றது. இருபது நிமிஷத்தை வேதா விநாடியாக மாற்றி, ஆயிரத்து இருநூறு என்று அனுப்பியிருந்தாள்; மோட்டார் அதை நிமிஷமென்றே எடுத்துக்கொண்டு இருபது மணி நேரம் ஓடும். நான் போலியிலிருந்த கேள்வியை அழித்தேன். அப்புறம் எதைக் கொடுத்தாலும் "ஓடியாச்சு" என்றது. சோதனை ஜம்மென்று தேறியது.

முதல் பெட்டியைக் கீழ்க்கட்டளையில் தன் வீட்டிலேயே மாட்டிவிட்டு, சார் குடும்பத்தோடு திருப்பதி போனார். மோட்டார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு சரசுதான் தெரு ஜனத்தைக் கூட்டினாளாம்: "சார் வூட்டு மாடில அருவி கொட்டிகினு கீது, இன்னா பாத்துகினு நிக்கிற, குடத்த எடுத்தாடி." குடங்கள் நிரம்பின. மூன்று வீட்டுக்குப் பொதுவான கிணறு வற்றியது. மோட்டார் கருகியது.

"டெஸ்ட் பாஸ்னுதானேக்கா வந்துது?" என்று வேதா என்னைப் பார்த்தாள்.

"ஆமா, வந்துது," என்றேன்.

வேதாவின் வேலை போயிற்று. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் திட்டினாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் என்னாச்சுன்னு கேட்டீங்க."

தோளில் சாய்த்துக்கொண்டேன். தப்பைப் பார்த்தவளும் நான்தான், வேண்டுமென்றே மறைத்தவளும் நான்தான். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? மற்றபடி இந்த ஊரில் அவளுக்கு என்னைவிட நல்ல சிநேகிதி இல்லை. அன்று அழுகையோடு மாப்பிள்ளை வீட்டு விலாசமும் வந்தது. வேலை போன விஷயத்தை அந்தப் பெண் எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வாள், பாவம். மறுநாளே நான் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.